ஒரு வெளி யூனிட், ஐந்து அறை: ஸ்காபரோ டவுன்ஹவுஸில் ஹீட் பம்ப்

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. ஸ்காபரோவில் 1970களில் கட்டிய டவுன்ஹவுஸ். மேலே மூன்று படுக்கையறை, நடுவில் ஹோலும் குசினியும், கீழே முடித்த பேஸ்மென்ட். காஸ் இணைப்பு இல்லை, காற்றைக் கொண்டுபோகும் டக்ட் இல்லை, ஒவ்வோர் அறையிலும் யன்னலுக்குக் கீழே மின் பேஸ்போர்ட் ஹீட்டர். ஒரு கொம்பனி வந்து பார்த்துவிட்டு, வெளியே 3 டன் வலுவுள்ள ஹீட் பம்ப் (வெளிக் காற்றின் வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுவரும், கோடையில் திருப்பி ஓடிக் குளிர்விக்கும் இயந்திரம்) ஒன்று, உள்ளே அறைக்கு ஒன்றாக ஐந்து ஹெட் (சுவரில் பூட்டும், காற்றை வீசும் பெட்டி) என்று எஸ்டிமேட் தந்திருக்கிறது. ஒரே யூனிட்டால் ஐந்து அறையும் சூடாகுமா, மைனஸ் 20இல் நின்றுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், "கதவுகளைத் திறந்து வைத்தால் ஹோலில் ஒன்று போதாதா என்று மனைவி கேட்கிறா" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் சுருக்கமானது: சூடாகும், நிற்காது. உங்கள் மனைவி கேட்டதற்குத்தான் நான் நீளமாக எழுதப்போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. 313ஏ என்ற குளிரூட்டல், ஏசி வேலைக்கான ஒன்ராறியோ லைசென்ஸ் எடுத்து ரொறன்ரோவைச் சுற்றி பதினேழு வருடமாக இந்த வேலை செய்கிறேன். தொடக்கத்தில் சுப்பர்மார்க்கெட் குளிர் அறைகள், பிறகு வீட்டு ஏசி, இப்போது பெரும்பாலும் ஹீட் பம்ப். எந்தக் கொம்பனிக்காகவும் விற்பவன் இல்லை. உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை. சுவருக்குள் என்ன இருக்கிறது, அட்டிக்கில் எவ்வளவு வெப்பக் காப்புப் பஞ்சு கிடக்கிறது, மின் பேனல் 100 ஆம்பா 200 ஆம்பா என்பதெல்லாம் தெரியாமல் எழுதுகிறேன். ஆகவே இலக்கங்களை மாதிரிக் கணக்காக எடுங்கள். எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதை உங்கள் வீட்டுக்கு அப்படியே பயன்படுத்தலாம்.

குளிரைப் பற்றிய பயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஹீட் பம்பில் ஓடும் காஸ், ஆர்-410ஏயோ புதிதாக வரும் ஆர்-32, ஆர்-454பியோ, சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 50 பாகையைச் சுற்றியே கொதித்துவிடும். அந்தக் காஸுக்கு ஸ்காபரோவின் மைனஸ் 20 காற்று சூடான காற்றுத்தான். அதிலிருந்து வெப்பத்தை வாங்கி, கொம்பிரசரில் அழுத்தி, உள்ளே கொண்டுவந்து கொட்டுகிறது. குளிர் கூடக் கூட இரண்டு விஷயம் நடக்கும். தரக்கூடிய வெப்பம் குறையும், ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பமும் குறையும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவு வெளியே 8 பாகை இருக்கும்போது எடுத்தது. சாதாரண மாடல் மைனஸ் 15இல் அதில் அறுபது, எழுபது வீதம் தரும். குளிர் நாட்டுக்கென்று செய்த மாடல்களில் நல்லவை மைனஸ் 15இலும் முழு அளவைத் தரும், மைனஸ் 25 வரை ஓடும். அந்தக் குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு யூனிட் வெப்பத்தை ஒட்டிக் கிடைக்கும். உங்கள் பேஸ்போர்ட் எந்தக் குளிரிலும் ஒன்றுக்கு ஒன்றுதான். ஆகவே எஸ்டிமேட்டில் மாடல் இலக்கத்தைப் பார்த்து, மைனஸ் 15இலும் மைனஸ் 20இலும் எத்தனை கிலோவாட் தரும் என்ற அட்டவணையைக் கேளுங்கள். தராவிட்டால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். இது சந்தேகமே இல்லாத பகுதி.

இனி உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று பார்ப்போம். காஸ் ஃபர்னஸ் உள்ளவர்களுக்கு இல்லாத ஒரு வசதி பேஸ்போர்ட் உள்ள உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் எரித்த மின்சாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. ஒன்ராறியோவில் அனேகமாக எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டர்தான். உங்கள் ஹைட்ரோ (மின்சார) கணக்கில் உள்நுழைந்தால் மணிக்கு மணி பாவனையைப் பார்க்கலாம். போன குளிர்காலத்தில் மிகக் குளிரான ஓர் இரவைத் தேடி, அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை பாருங்கள். எல்லோரும் நித்திரை, சமையல் இல்லை, குளிப்பு இல்லை, வெயில் இல்லை. அந்த நேரம் மணிக்கு 6.5 யூனிட் போயிருக்கிறது என்று வைப்போம் (மணிக்கு ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட்). பிரிட்ஜ், ஃப்ரீசர், சில்லறைச் சாமான்களுக்கு அரை யூனிட் கழியுங்கள். மின்சாரக் கார் இரவில் சார்ஜ் ஆகிறதென்றால் அதையும் மறக்காமல் கழிக்க வேண்டும். மிச்சம் 6 கிலோவாட். வெளியே மைனஸ் 18, உள்ளே 20 என்றால் 38 பாகை வித்தியாசத்துக்கு 6 கிலோவாட். மைனஸ் 20க்குக் கணக்குப் போட்டால் 6.3. அவ்வளவுதான் உங்கள் வீட்டின் மிக மோசமான மணிநேரம். முறையான கணக்குக்கு சி.எஸ்.ஏ எஃப்280 என்ற தரம் இருக்கிறது, அதைச் செய்து தரச்சொல்லிக் கேட்பது நல்லது. ஆனால் அதன் விடை மீட்டர் சொன்னதிலிருந்து தூரமாக இருந்தால் நான் மீட்டரைத்தான் நம்புவேன்.

ஒரு டன் என்பது 3.5 கிலோவாட். 3 டன் யூனிட் பெட்டியில் 10.5 கிலோவாட். 6.3க்கு அது ஏன்? ஐந்து ஹெட் வைக்க வேண்டும் என்று முதலே முடிவெடுத்துவிட்டார்கள், ஐந்து ஹெட் இணைக்கக்கூடிய வெளி யூனிட் அந்த அளவிலிருந்துதான் தொடங்குகிறது. வீட்டைப் பார்த்து எடுத்த அளவு அல்ல அது, ஹெட்களை எண்ணி எடுத்த அளவு.

இப்போது பிள்ளைகளின் அறைக்குப் போங்கள். பேஸ்போர்ட்டின் நீளத்தை அளந்து பாருங்கள். 240 வோல்ட்டில் ஓடும் சாதாரண பேஸ்போர்ட் அடிக்கு 250 வாட். சின்னப் படுக்கையறையில் நாலடி இருக்கும், அதாவது 1,000 வாட். நாற்பது, ஐம்பது குளிர்காலமாக அந்த 1,000 வாட் அந்த அறைக்குப் போதுமாக இருந்திருக்கிறது, பெரும்பாலும் அதுகூடத் தேவைப்பட்டிருக்காது. பத்துக்குப் பதினொரு அடி, இரண்டு வெளிச்சுவர், ஒரு யன்னல் உள்ள அறைக்கு நான் கணக்குப் போட்டால் மைனஸ் 20இல் 550, 600 வாட்தான் வருகிறது. வெளியே பூச்சியம் என்றால் அதில் பாதி. சந்தையில் கிடைக்கும் மிகச் சின்ன ஹெட் எவ்வளவு தெரியுமா? 6,000 பிடியூ வகை, அதாவது அரை டன். சூடாக்கும்போது ஏறக்குறைய 2,000 வாட் தரும். 300 வாட் கேட்கும் அறைக்கு 2,000 வாட் ஹெட். ஒரு பிடி அரிசி போட ஐம்பது பேர் சாப்பிடும் அண்டாவை அடுப்பில் ஏற்றியது மாதிரி.

"இன்வேர்ட்டர் கொம்பிரசர்தானே, தேவைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளாதா?" என்பார்கள். குறைக்கும், ஆனால் ஓர் அளவுக்குத்தான். பெரிய வெளி யூனிட்டுக்குக் கீழ் எல்லை ஒன்று உண்டு. மூன்று டன் மல்டிகளில் (ஒரு வெளி யூனிட்டில் பல ஹெட் பூட்டும் வகை) 2 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காதவை பல. ஜனவரியில் ஐந்து ஹெட்டும் சேர்ந்து கேட்கும்போது எல்லாம் ஒழுங்காகப் போகும். சிக்கல் மற்ற மாதங்களில். ரொறன்ரோவில் ஜனவரியின் சராசரியே மைனஸ் 4, 5ஐச் சுற்றித்தான். நவம்பர், மார்ச், ஏப்ரலில் இரவு ஒரு மணிக்கு ஒரு படுக்கையறை மட்டும் 300 வாட் கேட்கும். வெளி யூனிட் எழும்பும், 2 கிலோவாட்டைத் தள்ளும், ஐந்து நிமிடத்தில் அறை சூடேறிவிடும், நின்றுவிடும், திரும்ப எழும்பும். இந்த ஏறி இறங்கும் ஓட்டத்தில்தான் மின்சாரம் வீணாகிறது, கொம்பிரசரும் தேய்கிறது.

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வெட்கம். தொடக்கத்தில் நானே இப்படிப் பூட்டியிருக்கிறேன். ஏஜாக்ஸில் ஒரு வீடு, நான்கு ஹெட், வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். முதல் குளிர்காலம் முடிய அவர் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். எந்த நாள், எந்த அறை, எத்தனை மணிக்கு எத்தனை பாகை என்று சின்ன எழுத்தில் கோடு போட்டு எழுதியிருந்தார். விருந்தினர் அறையின் ஹெட்டை அவர் குளிர்காலம் முழுக்க ரிமோட்டில் நிறுத்தியே வைத்திருக்கிறார். அந்த அறைதான் வீட்டிலேயே சூடான அறை, 26 பாகை. பக்கத்தில் அவர் படுக்கும் அறை 19க்கும் 23க்கும் இடையில் ஊஞ்சல் ஆடியிருக்கிறது. "தம்பி, நிறுத்தினது சுடுது, போட்டது குளிருது, இதென்ன மந்திரம்?" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

பதில் இதுதான். மல்டி யூனிட் சூடாக்கும்போது, நிறுத்தி வைத்த ஹெட்டுக்குப் போகும் வால்வை முழுதாக மூடாது, முழுதாக மூடினால் காஸ் அங்கே திரவமாகத் தேங்கி மற்ற ஹெட்களுக்குப் போதாமல் போய்விடும். அதனால் எப்போதும் கொஞ்சம் சூடான காஸ் அந்த ஹெட்டுக்குள்ளும் போய்வரும். விசிறி ஓடாவிட்டாலும் சுருள் சுடும், சின்ன அறை என்றால் அந்தக் கசிவு வெப்பமே அதற்கு மிச்சம். இது பழுதல்ல, அதன் வடிவமைப்பே அப்படி. திருத்த வரும் ஆளுக்கும் அதில் செய்ய ஒன்றும் இல்லை. ஆகவே "பாவிக்காத அறையை நிறுத்தி வைத்து மிச்சம் பிடிக்கலாம்" என்று விற்பவர் சொன்னால் பாதிதான் நம்புங்கள்.

இன்னும் இரண்டு குணம் இந்த ஒற்றை யூனிட்டுக்கு இருக்கிறது. ஒன்று, எல்லா ஹெட்டும் ஒரே பக்கம்தான் போகலாம். ஏப்ரலில் தெற்குப் பக்க அறை வெயிலில் வேக, பேஸ்மென்ட்டில் மகன் குளிருது என்பான். ஒன்று குளிர்விக்கவும் மற்றது சூடாக்கவும் இந்த வகையால் முடியாது. பிந்திக் கேட்ட ஹெட் லைட்டைச் சிமிட்டிக்கொண்டு சும்மா நிற்கும். "பழுதாகிவிட்டது" என்று எனக்கு வரும் அழைப்புகளில் ஒரு பங்கு இதுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும் பெரிய வகைகள் உண்டு, அவை அலுவலகக் கட்டடங்களுக்கான விலை. மற்றது பனி உருக்குவது. ஈரமான குளிரில், முக்கியமாகப் பூச்சியத்தை ஒட்டிய நாட்களில், வெளிச் சுருளில் பனி படியும். யூனிட் சில நிமிடம் திரும்பி ஓடி அதை உருக்கும், அந்த நேரம் ஐந்து ஹெட்டும் சேர்ந்தே வீசுவதை நிறுத்தும். வெளியே வெள்ளையாக ஆவி எழும்பும். அதைப் பார்த்துவிட்டு "யூனிட் புகைக்குது, தீயணைப்புப் படையைக் கூப்பிடவா?" என்று ஓர் அம்மா எனக்கு அதிகாலையில் தொலைபேசி எடுத்திருக்கிறா. கூப்பிட வேண்டாம். அது நீராவி.

பிறகு மூட்டுகள். ஒவ்வொரு ஹெட்டுக்கும் இரண்டு செம்புக் குழாய், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, ஆக ஹெட்டுக்கு நாலு ஃப்ளேர் மூட்டு (குழாய் முனையை விரித்து நட்டால் இறுக்குவது). ஐந்து ஹெட் என்றால் இருபது. வீட்டு ஹீட் பம்பில் காஸ் கசிவு என்று நான் போன இடங்களில் பெரும்பாலும் பிழை இந்த மூட்டில்தான் இருந்தது. செம்பு முனையை விரித்த விளிம்பில் நகக்கீறல் அளவு கோடு, அல்லது நட்டை டோர்க் ரென்ச் இல்லாமல் கைப்பலத்தில் இறுக்கியது. மல்டியில் காஸ் எல்லாவற்றுக்கும் பொது. மேல் அறையின் ஒரு மூட்டு கசிந்தால் ஐந்து அறையும் குளிரும். யாரைப் பிடித்தாலும், நைதரசன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று போதிய நேரம் விட்டுப் பார்ப்பாரா, குழாய்க்குள் உள்ள காற்றை பம்பால் உறிஞ்சி வாக்யூமை 500 மைக்ரோனுக்குக் (வாக்யூமை அளக்கும் அலகு) கீழே இழுத்து, பம்பை மூடிய பிறகு அது அங்கேயே நிற்கிறதா என்று பார்ப்பாரா என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்லை அண்ணை, அரை நாளில் முடித்துவிடுவோம்" என்று பதில் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, உங்கள் மனைவியின் கேள்வி. ஹோலில் ஒன்று போதாதா? இதற்கு நல்ல சாட்சி நோர்வே. அங்கே வீடுகளில் பாதிக்கு மேல் ஹீட் பம்ப் இருக்கிறது. அதில் பெரும்பங்கு ஹோலில் ஒரே ஒரு ஹெட், வெளியே ஒரே ஒரு யூனிட். மற்ற அறைகளுக்குத் திறந்த கதவும், சுவரில் பழைய மின் ஹீட்டரும். ஒஸ்லோவில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். திறந்த கதவு நாம் நினைப்பதைவிட நல்ல டக்ட்: மேல் பாதியால் சூடான காற்று உள்ளே போகும், கீழ்ப் பாதியால் குளிர்ந்தது வெளியே வரும். என் அனுபவத்தில், கதவு திறந்திருந்தால் படுக்கையறை ஹோலைவிட இரண்டு, மூன்று பாகை குறைவாக நிற்கும். கதவைச் சாத்தினால் கடும் குளிரில் ஐந்தாறு பாகை இறங்கலாம். மாடிப்படி உங்களுக்குச் சாதகம், நடுமாடியின் வெப்பம் தானாகவே மேலே ஏறும். ஆனால் கீழே இறங்காது, ஆகவே பேஸ்மென்ட்டுக்கு ஹோல் ஹெட்டால் அனேகமாகப் பயன் இல்லை. கோடையில் இது அப்படியே தலைகீழ். குளிர்ந்த காற்று கீழேயே கிடக்கும், மேல் மாடி வேகும். எங்கள் ஆக்களின் வீட்டில் இன்னொன்றும் உண்டு. பதின்ம வயதுப் பிள்ளை கதவைத் திறந்து வைக்காது. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தக் கதவிடம் தோற்றுவிடும்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு நான் செய்வது இப்படி இருக்கும். நடுமாடி ஹோலுக்கு, வெளி யூனிட் ஒன்று ஹெட் ஒன்று என்ற தனிச் சோடி, ஒரு டன் அல்லது ஒன்றேகால் டன், குளிர் நாட்டு மாடல். மேல் மாடிக்கு மூன்று ஹெட்டுக்குப் பதிலாக மெல்லிய டக்ட் யூனிட் ஒன்று, முக்கால் டன் அளவில். அது தட்டையான பெட்டி. மேல் மாடி நடையின் கூரையைப் பத்துப் பன்னிரண்டு அங்குலம் இறக்கி உள்ளே மறைத்துவிடலாம். அதிலிருந்து மூன்று அறைக்கும் கதவுக்கு மேலால் ஒரு சின்ன வாய். மூன்று அறையும் சேர்ந்து கேட்கும் 1,700, 1,800 வாட்டுக்கு ஒரே இயந்திரம், அதன் அளவுக்கு ஏற்ற வேலை. கதவு சாத்தியிருந்தாலும் சூடு போகும். ஆனால் காற்று திரும்பி வர வழி வேண்டும். கதவின் அடியை ஓர் அங்குலம் அரிந்துவிடுங்கள், அல்லது சுவரில் ஒரு கிரில் வையுங்கள். இதை மறந்துவிட்டு "காற்றே வருகுதில்லை" என்று கூப்பிட்டவர்கள் பலர். டக்டைக் குளிர்ந்த அட்டிக்குக்குள் ஓடவிடுவது கடைசித் தெரிவாக இருக்கட்டும், ஓடவிட்டால் மேலே தடிப்பாகப் பஞ்சு மூட வேண்டும். பேஸ்மென்ட்டில் இருக்கும் பேஸ்போர்ட் அப்படியே இருக்கட்டும். அங்கே வாடகைக்கு ஆள் இருந்து, நாள் முழுக்கச் சூடு வேண்டும் என்றால் மட்டும் அது வேறு கதை.

இதில் ஒரு தடங்கல் இருக்கலாம். உங்கள் டவுன்ஹவுஸ் கொண்டோ வகையா? ஸ்காபரோவில் அந்தக் காலத்து டவுன்ஹவுஸ்களில் பல அப்படித்தான். அப்படியானால் வெளிச்சுவரும் முற்றமும் உங்களுடையது அல்ல. எஸ்டிமேட்டில் கையெழுத்து வைக்கமுதல் கொண்டோ நிர்வாகச் சபையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எல்லாம் பூட்டி முடிந்த பிறகு கழற்றச்சொன்ன கதை எனக்குத் தெரியும். சபை ஒரே ஒரு வெளி யூனிட்டுக்குத்தான் இடம் தரும் என்றால், அப்போது மல்டிதான் வழி. ஆனால் இரண்டு இணைப்பு மட்டும் உள்ள சின்ன மல்டி: ஒன்றில் ஹோல் ஹெட், மற்றதில் மேல் மாடி டக்ட் யூனிட். இரண்டு டன்னுக்குள் அடங்கும், கீழ் எல்லையும் தாழ்வு, மூட்டு எட்டு. மல்டி என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. 300 வாட் கேட்கும் அறைகளை வரிசையாக அதில் தொங்கவிடுவதுதான் பிழை.

பணம். உங்கள் வீட்டில் சூடாக்க மட்டும் வருடத்துக்கு 10,000 யூனிட் போகிறதென்று வைப்போம். ஐந்து ஹெட் வைத்து எல்லாவற்றையும் ஹீட் பம்பே செய்து, முழுக் குளிர்காலச் சராசரியாக ஒன்றுக்கு 2.2 கிடைத்தால், 4,500 யூனிட்டில் முடியும். நான் சொன்ன முறையில் முக்கால் பங்கை ஹீட் பம்ப் செய்து, சரியான அளவில் ஓடுவதால் ஒன்றுக்கு 2.5 கிடைத்து, கால் பங்கைப் பேஸ்போர்ட் செய்தால் 3,000 உம் 2,500 உம் சேர்ந்து 5,500 யூனிட். உண்மையைச் சொன்னால் ஐந்து ஹெட் கணக்கு ஆயிரம் யூனிட் குறைவு. எல்லாக் கட்டணமும் சேர்த்து யூனிட்டுக்கு 15 சதம் என்றால் வருடத்துக்கு 150 டொலர். எஸ்டிமேட்களில் நான் பார்க்கும் அளவில் ஒவ்வொரு மேலதிக ஹெட்டும் இரண்டாயிரம், மூவாயிரம் டொலரைக் கூட்டும். வருடம் 150 டொலர் மிச்சம் பிடிக்க அந்தக் காசு திரும்பி வரமுதல் இயந்திரம் கிழடாகிவிடும். இந்தக் கணக்கில் உறுதி குறைந்த இடம் அந்த 2.2உம் 2.5உம்தான். ஆய்வுகூடத்தில் அளந்த இலக்கத்துக்கும் வீட்டில் கிடைப்பதற்கும் எப்போதும் இடைவெளி உண்டு, அது பூட்டிய விதத்தையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்தது. உங்கள் இலக்கங்களைப் போட்டு நீங்களே பாருங்கள். அரச மானியங்களை இந்தக் கணக்கில் சேர்க்காமல் பாருங்கள். மத்திய அரசின் 5,000 டொலர் வரையான கிரீனர் ஹோம்ஸ் மானியம் 2021இல் வந்தது, 2024 தொடக்கத்தில் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. மானியத்துக்காக அவசரப்பட்டு ஐந்து ஹெட் பூட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

எதைப் பூட்டினாலும் பேஸ்போர்ட்டைக் கழற்ற விடாதீர்கள். "அழகாக இருக்கும், கழற்றித் தருகிறோம்" என்பார்கள். அது உங்கள் காப்புறுதி. 17 பாகையில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஹீட் பம்ப் ஒரு நாள் நின்றால் குழாய் உறையாது, பிள்ளைகளும் நடுங்க மாட்டார்கள். அதோடு ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். பேஸ்போர்ட் வீட்டில் வளர்ந்தவர்கள் அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் சூட்டை நிறுத்துவார்கள், அங்கே அது சரி. ஹீட் பம்புக்கு அது நஞ்சு. ஒரே பாகையில் வைத்து மெதுவாக ஓடவிடுங்கள். ஹெட் சுவரின் உச்சியில் இருப்பதால் அது அளப்பது கூரைக் காற்றை. ரிமோட்டில் 23 என்று வைத்தால்தான் கதிரையில் இருப்பவருக்கு 21 வரும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஹோல் ஹெட்டை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது குசினியைப் பாருங்கள். நடுமாடியில் ஹோலும் குசினியும் ஒன்றாகத் திறந்திருக்கும் வீடுகளில், அடுப்புக்கு நேர் எதிரே ஹெட்டைப் பூட்டிவிடுகிறார்கள். நாங்கள் தாளிப்போம், மீன் பொரிப்போம், மிளகாய் வறுப்போம். அந்த எண்ணெய்ப் புகை ஃபில்டரைத் தாண்டி உள்ளே விசிறி உருளையில் படியும். நான் கழற்றிக் கழுவிய உருளைகளில் மண்ணிறப் பசை மாதிரி ஒட்டியிருக்கும், கழுவும்போது முதல் பத்து நிமிடம் வீடு முழுக்கப் பழைய குழம்பு வாசம். காற்று பாதியாகிவிடும், "சூடு காணாது" என்று அழைப்பு வரும். ஆகவே அடுப்பிலிருந்து விலகிய சுவர், சமைக்கும்போது வெளியே இழுக்கும் விசிறி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஃபில்டரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது. வெளி யூனிட்டை நிலத்தில் வைக்கவிடாமல் ஒன்றரை அடி உயரத் தாங்கியில் ஏற்றச்சொல்லுங்கள், பனிக்குள் புதையக்கூடாது. பனி உருகும் நீர் அதிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், அது நடைபாதையில் விழுந்தால் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும், தபால்காரர் விழுவார். மின் இணைப்புக்கு ஈ.எஸ்.ஏ (ஒன்ராறியோ மின் பாதுகாப்பு அதிகாரசபை) அனுமதி எடுத்தார்களா என்றும் கேளுங்கள். பேனல் 100 ஆம்ப் என்றாலும் பயப்படத் தேவையில்லை, நான் சொன்ன அளவுகள் பேஸ்போர்ட்டைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் இரண்டும் சேர்ந்து ஓடக்கூடும் என்பதால் மின் வேலைக்காரர் கணக்குப் பார்த்தே சொல்ல வேண்டும். அது என் துறை இல்லை.

ஐந்து ஹெட்டே சரி என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அறைகள் பெரிது, சுவரில் பஞ்சு இல்லை, தாத்தா, பாட்டி, வாடகைக்கு இருப்பவர், இரவு வேலைக்குப் போய்ப் பகலில் படுப்பவர் என்று ஒவ்வொருவரும் கதவைச் சாத்திக்கொண்டு வேறு வேறு பாகை கேட்கிறார்கள் என்றால், அந்த வசதிக்கு விலை கொடுப்பது அவரவர் விருப்பம். உங்கள் வீடு அப்படியானதா என்பது எனக்குத் தெரியாது. ஜனவரி, பெப்ரவரியில் மிகக் குளிரான மூன்று இரவுகளின் 2 மணி முதல் 5 மணி வரையான பாவனையும், ஒவ்வோர் அறையிலும் உள்ள பேஸ்போர்ட்டின் நீளமும், எஸ்டிமேட்டில் உள்ள வெளி யூனிட்டின் மாடல் இலக்கமும் இங்கே கீழே எழுதுங்கள். வேலை முடிந்து வந்து இரவில் பார்ப்பேன், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.